கரிசலின் ஆலாபனை: கி.ரா.வின் கதைகளும் ஜாஸ் இசையும்

(ஐதராபாத், மல்லாபூரில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மல்லாபூர், நாச்சாரம், செர்லப்பள்ளித் தொழிற்பேட்டைகளில் பகல் ஷிப்டை முடித்துவிட்டு இங்கே வந்தமர்ந்திருக்கும் தோழர்கள் ஒரு நாளை மூன்று மொழிகளில் கழிப்பவர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, இயந்திரத்தின் அருகே இந்தி. அப்படிப்பட்டவர்களிடம் வந்து ஜாஸ் இசையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் பேசுவது பொருத்தந்தானா என்ற ஐயம் எழலாம். ஜாஸ் என்றதும் நட்சத்திர விடுதி, மங்கலான விளக்கு, கையில் மதுக்கிண்ணம் என்ற காட்சியே பலருக்கும் மனத்தில் தோன்றும். அந்தக் காட்சி எப்படிப் பொய்யானது என்பதைப் பின்னர் பார்க்கலாம். முதலில் ஒரு பயணத்தை நினைவுகூர வேண்டும்.

இங்குள்ளோர் தமிழகத்திலிருந்து தெலுங்கு மண்ணுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள், அல்லது அவ்வாறு வந்தவர்களின் பிள்ளைகள். சில நூற்றாண்டுகளுக்கு முன் இதே வழியில் எதிர்த்திசையாக நடந்தவர்கள் உண்டு. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே போய், காடு திருத்தி, கரிசல் பூமியில் குடியேறிய அந்தக் குடும்பங்களில் ஒன்றில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் கிராமத்தில், 1923 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர் கி.ராஜநாராயணன். வீட்டிலே பேசிய மொழி தெலுங்கு. எழுதிக் குவித்தது தமிழ். அதுவும் பண்டிதர்கள் எழுத அஞ்சிய கரிசல்காட்டுப் பேச்சுத் தமிழ். அதே கிராமத்தில், அதே ஆண்டில், ஒரே வாரகால இடைவெளியில் பிறந்தவர் கு.அழகிரிசாமி. ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு சாகித்ய அகாதெமி விருதாளர்கள் வந்தது இலக்கிய வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதல்ல. அழகிரிசாமி 1970இல், நாற்பத்தேழு வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கான விருது அவர் மறைந்த பின்னரே வந்தது. கி.ரா. 2021 மே 17 வரை வாழ்ந்தார்.

இருவரையும் இணைத்தது நட்பு, வறட்சி, வாசிப்பு. இவற்றோடு இசையும் இருந்தது. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பின்னாளில் நூலாக்கினார். இலக்கியத்துக்கு இணையாக அந்த நண்பர்களின் உரையாடலில் இடம்பெற்ற பொருள் சங்கீதமே. சிறுகதை எழுதுவோர் ஏன் இவ்வளவு தீவிரமாக இசையைக் கேட்டார்கள்? கேட்டது அவர்களுடைய எழுத்தில் என்ன செய்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான் ஜாஸ் துணைக்கு வருகிறது. கி.ரா. ஜாஸ் கேட்டு வளர்ந்தார் என்பது இங்கே வாதமன்று. ஒன்றையொன்று அறியாத இரண்டு மண்களில், மிதிக்கப்பட்ட மக்களின் இசை சிறுகதைக்கு ஒரே வகையான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது என்பதே வாதம்.

ஜாஸைப் பற்றிய தவறான மதிப்பீட்டை முதலில் வைத்துக்கொள்ளலாம். அது எதிரியின் பாசறையிலிருந்து மட்டும் வரவில்லை. 1928இல் மாக்சிம் கார்க்கி இத்தாலியில் தங்கியிருந்தபோது வானொலியில் ஒலித்த ஜாஸைக் கேட்டு வெகுண்டார். அதைக் கொழுத்தவர்களின் இசை என்று சாடிக் கட்டுரை எழுதினார்; ‘பிராவ்தா’வில் அது வெளிவந்தது. உலகம் போற்றும் பாட்டாளி எழுத்தாளர், நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஒடுக்கப்பட்ட மக்கள் படைத்த இசையைக் கொழுத்தவர்களின் கணக்கில் எழுதிவிட்டார்! அவர் கேட்டது ஐரோப்பிய விடுதிகளில் பணக்காரர்களின் நடனத்துக்காக வாசிக்கப்பட்ட வடிவத்தை. பண்டத்தைப் பார்த்தார், அதைப் படைத்த கைகளைப் பார்க்கவில்லை. கார்க்கியின் நூல்களைத் தமிழில் பெயர்த்தவர்களுள் ஒருவர் இதே இடைசெவல் அழகிரிசாமி என்பது வரலாற்றின் சுவையான முடிச்சு.

அந்தக் கணக்கைத் திருத்தி எழுதியவரும் ஒரு கம்யூனிஸ்டே. வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1950களில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பிரான்சிஸ் நியூட்டன் என்னும் புனைபெயரில் ஜாஸ் விமர்சனம் எழுதினார். 1959இல் அதே பெயரில் ஒரு நூலும் வெளியிட்டார். அந்தப் புனைபெயர் பிராங்கி நியூட்டன் என்ற கறுப்பின டிரம்பெட் கலைஞரின் நினைவாக வைக்கப்பட்டது. மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களின் உடல்களை ‘விசித்திரக் கனி’ என்று சொல்லும் புகழ்பெற்ற பாடலைப் பில்லி ஹாலிடே 1939இல் ஒலிப்பதிவு செய்தபோது டிரம்பெட் வாசித்தவர் அவர். அப்பாடலை இயற்றியவர் ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர், கட்சி உறுப்பினர். ரோசன்பர்க் தம்பதியரை 1953இல் அமெரிக்க அரசு மின்நாற்காலியில் கொன்ற பிறகு, அநாதைகளான அவர்களுடைய இரு பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தவரும் அவரே. விடுதி மேசையில் மதுக்கிண்ணத்தோடு இந்த இசையை ஒட்டிவைத்தது யார் என்பதை இப்போது யோசித்துப் பார்க்கலாம்.

அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய திடலிலும், சவ ஊர்வலத்தில் முழங்கிய பித்தளை வாத்தியங்களிலும், பருத்திக் காட்டின் வேலைப் பாட்டிலும் அந்த இசையின் வேர்கள் உள்ளன. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுப்பது அதன் அடிப்படை. குழு முதலில் ஒரு மெட்டை வாசிக்கும். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் கணத்தில் தோன்றியபடி விரித்துச் செல்வார்கள். மற்றவர்கள் விலகி நின்று தாங்கிப் பிடிப்பார்கள். இறுதியில் மெட்டு திரும்பி வரும். ஆனால் முதலில் கேட்ட மெட்டாக அது இராது. இடையில் நிகழ்ந்தவை எல்லாம் அதன்மேல் ஏறியிருக்கும். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘மனோதர்மம்’ என்ற சொல் நம் இசைவாணர்களிடம் தயாராகவே இருக்கிறது. வடசொல்லாயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாதசுரக்காரரின் வாயில் புழங்கித் தேய்ந்தபின் அது யாருடைய சொல் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

இந்த இசைக்கும் சிறுகதைக்கும் உள்ள உறவைத் தன் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் என்று லாங்ஸ்டன் ஹியூஸைச் சொல்லலாம். 1926இல் வந்த அவரது முதல் கவிதை நூலின் தலைப்பிலேயே புளூஸ் இசை உண்டு. 1932இல் அவர் சோவியத் நாட்டுக்குச் சென்றார். 1934இல் அவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில், ஒரு கறுப்பினப் பியானோ கலைஞரின் கதை இருக்கிறது. செல்வச் சீமாட்டி ஒருவர் அவளைப் பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைக்கிறார். தெருவின் இசையை விட்டுவிட வேண்டும், காதலித்தவனையும் விட்டுவிட வேண்டும் என்பது அந்த உதவியின் சொல்லப்படாத நிபந்தனை. கடைசியில் சீமாட்டியின் மாளிகையிலேயே உட்கார்ந்து அவள் புளூஸ் வாசிக்கிறாள். கதையில் அதற்குமேல் எந்தப் பிரகடனமும் இல்லை. பின்னர் சிகாகோவின் கறுப்பினச் செய்தித்தாள் ஒன்றில், சிம்பிள் என்ற சாதாரண உழைப்பாளியைப் பேசவிட்டு ஆண்டுக்கணக்கில் எழுதினார் ஹியூஸ். ‘பீபாப்’ என்ற புதுவகை ஜாஸின் பெயர் எங்கிருந்து வந்தது என்று சிம்பிள் ஒரு விளக்கம் தருகிறான்: போலீஸ்காரரின் குண்டாந்தடி கறுப்பர் தலையில் இறங்கும் ஓசைதான் அது! சிரித்துக்கொண்டே படிக்கும் வாசகருக்குத் தலையைத் தடவிக்கொள்ளத் தோன்றும். 1953இல் இதே ஹியூஸை மெக்கார்த்தியின் விசாரணைக் குழு கூண்டிலேற்றியது.

இனி கரிசலுக்குத் திரும்புவோம்.

நாதசுரம் எங்கே ஒலித்தது? சபாவின் மேடைக்கு முன்னரே, கோயில் வீதியில் ஒலித்தது. சுவாமி புறப்பாட்டின்போது நள்ளிரவில், நான்கு தெரு சுற்றி, ஒவ்வொரு சந்தியிலும் நின்று மணிக்கணக்கில் ஒரே இராகத்தை விரித்து வாசிப்பார்கள். சபாவுக்குள் நுழையச் சீட்டு வாங்க முடியாதவனும், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவனும் ஊர் எல்லையில் நின்றாவது அதைக் கேட்க முடிந்தது. காற்றுக்குக் காவல் போட நிலப்பிரபுத்துவத்தால் முடியவில்லை. வாசித்தவர்களோ சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். பெரிய மனிதர் முன்னிலையில் நின்றபடி வாசித்தவர்கள். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அந்த வழக்கங்களோடு மோதிக்கொண்டே தோடியை ஆண்டார். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டிப் பகுதியின் சொத்தாகவே ஆனார். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டியிடும் நாதசுரம் அவருடையது. 1964இல், நாற்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தார். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் முப்பத்து நான்கு வயதில் மறைந்தது 1955இல். கலைஞனைக் கொண்டாடவும் அதே மூச்சில் எரித்துத் தீர்க்கவும் இரண்டு சமூகங்களுமே கற்றிருந்தன.

காருகுறிச்சியார் போற்றிய ஒருவர் இருந்தார். கி.ரா.வும் அழகிரிசாமியும் தேடித்தேடிக் கேட்ட விளாத்திகுளம் சுவாமிகள் (1889 – 1965). இயற்பெயர் நல்லப்பசாமி. கச்சேரிப் பத்ததியில் அடங்காதவர். கீர்த்தனைகளை அடுக்கிக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. இராக ஆலாபனைதான் அவரது உலகம். சொல் இல்லை, சாகித்தியம் இல்லை, தெய்வத்தின் பெயரோ புரவலரின் பெயரோ இல்லை. கரகரப்பிரியாவை எடுத்தால் மணிக்கணக்கில் அதிலேயே திளைப்பார். சென்னை சபாக்களின் பட்டியலில் அவருக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை; கரிசல் மக்களின் நினைவில் கிடைத்தது. தமிழகத்தில் 1940களில் தமிழிசை இயக்கம் எந்த மொழியில் பாடுவது என்ற நியாயமான போரை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. மொழியே இல்லாமல் பாடிக்கொண்டிருந்த இந்தப் பெரியவரை எந்த அணியில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரிந்திராது.

சொல் இல்லாத ஆலாபனையைக் கேட்டு வளர்ந்தவன் சொல்லை வைத்துக் கதை எழுத உட்காரும்போது என்ன நேரும்? கி.ரா. எழுத்துக்கு வந்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். அதற்குமுன் அவர் விவசாயி; கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். 1947க்கும் 1951க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கட்சி முன்னெடுத்த விவசாயிகள் போராட்டங்களில் பங்கேற்று இருமுறை சிறை சென்றவர். இங்கே நல்கொண்டாவிலும் வாரங்கலிலும் தெலங்கானா விவசாயிகள் ஆயுதமேந்தி நின்ற அதே ஆண்டுகள் அவை. சிறையும் காசநோயும் வறண்ட நிலமும் கண்டு முடித்த மனிதர், 1958இல் விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’யில் எழுதத் தொடங்கினார். ஜீவா தொடங்கிய ‘தாமரை’யும் அவரது கதைகளுக்கு இடம் தந்தது. இடதுசாரி இயக்கத்தின் பத்திரிகைகள் இல்லாதிருந்தால் இந்தக் குரல் அச்சேற இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ!

‘கதவு’ என்ற அவரது கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஓர் ஏழை வீட்டின் கதவில் தீப்பெட்டிப் படத்தை ஒட்டிவிட்டுக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். கதவே வண்டி. ஒருவன் சீட்டுக் கொடுக்க, மற்றவர்கள் ஏறிக்கொண்டு ஆடுகிறார்கள். தீர்வை பாக்கி என்று சொல்லி ஊர்த் தலையாரி ஆட்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். தகப்பன் மணிமுத்தாறில் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். பணமும் வரவில்லை, சேதியும் இல்லை. கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று வருகிறது; நாய் வருகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள், சாவடியின் பின்புறத்தில் கறையான் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைக் குழந்தைகள் கண்டுகொள்கிறார்கள். அதை இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். கதை முடிந்துவிடுகிறது.

இதை ஒரு ஜாஸ் இசைஞனிடம் சொன்னால் அவன் உடனே கண்டுகொள்வான். குழந்தைகளின் கைகள் கதவின்மேல் இருப்பதுதான் மெட்டு. முதலில் அது குதூகலமாக ஒலிக்கிறது. பின்பு வெவ்வேறு குரல்கள் வந்து போகின்றன: தலையாரியின் அதிகாரம், தாயின் கெஞ்சல், வாடைக்காற்று. இறுதியில் அதே கைகள், அதே கதவு. ஆனால் இப்போது அதில் ஒரு சாவு ஏறியிருக்கிறது, கறையான் ஏறியிருக்கிறது, ஓர் அரசாங்கத்தின் வருவாய்த்துறை ஏறியிருக்கிறது. ஆலாபனை செய்பவர் எங்கெங்கோ சஞ்சாரம் செய்துவிட்டு ஆதார சட்சத்தில் வந்து நிற்பதும் இப்படித்தான். நிற்கும் இடம் ஒன்றே, கேட்பவர்தான் மாறிவிட்டிருக்கிறார்.

குழந்தையின் சாவு எவ்வளவு சில வரிகளில் கடந்துபோகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அழவைக்கும் வாய்ப்பை எழுத்தாளர் கையில் வைத்துக்கொண்டே விட்டுவிடுகிறார். 1957இல், ஏறத்தாழ அதே காலத்தில், ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய ‘சன்னியின் புளூஸ்’ கதையிலும் ஒரு குழந்தை இறக்கிறது. ஹார்லெமில் கணக்கு ஆசிரியராக இருக்கும் அண்ணன், போதைக்கு அடிமையாகிச் சிறைசென்ற பியானோக்காரத் தம்பியைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் கதை அது. இளம்பிள்ளைவாதத்தில் மகளைப் பறிகொடுத்த பிறகுதான் அண்ணனுக்குத் தம்பியின் வேதனையில் ஒரு வாசல் திறக்கிறது. கடைசிக் காட்சியில், தம்பி வாசிப்பதை அண்ணன் முதன்முறையாக உட்கார்ந்து கேட்கிறான். பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, போதையும் வறுமையும் வெளியே தெருவில் காத்திருக்கின்றன. கேட்டான் என்பதே கதையின் நிகழ்ச்சி. சன்னி தடுமாறும்போது, கூட வாசிக்கும் முதிய கலைஞர் அவனை ஆழத்துக்கு இழுத்துச் சென்று, பிறகு விலகி நின்று இடம் விடுகிறார். அந்த முதியவரிடம் தோழர்கள் கற்றுக்கொள்ளச் சில உண்டு. கிளைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவோர் குறிப்பாக!

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையும் இதே கட்டுமானத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் போட்டிப் பேச்சோடு அது தொடங்குகிறது. உன்னிடம் இது இருக்கிறதா, என்னிடம் அது இருக்கிறதே என்று ஒருவர் சொல்ல மற்றவர் எதிர்சொல்லும் விளையாட்டு. பணக்கார வீட்டுப் பையன் ராமசாமியே எல்லாவற்றிலும் வெல்கிறான். தீபாவளியையொட்டி அவன் வீட்டுக்கு ராஜா, அதாவது ஜமீன்தார் மாப்பிள்ளை வரப்போகிறார். ஏழைச் சிறுமி மங்கம்மாளின் வீட்டுக்கும் ஒருவன் வந்து சேர்கிறான்: புண்ணும் சிரங்குமாக, உடுக்கத் துணியின்றி, யாருமற்ற ஒரு சிறுவன். அவன் பெயர் ராஜா. மங்கம்மாளின் தாய் அவனைக் குளிப்பாட்டி, வீட்டிலிருந்த புதுத்துண்டை உடுத்திவிடுகிறாள். எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று மறுநாள் மங்கம்மாள் சொல்லும்போது, தொடக்கத்து விளையாட்டின் அதே எதிர்க்குரல்தான் ஒலிக்கிறது. இம்முறை வென்றது யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. குழந்தைக்கும் அது தெரியாது. அழைப்பும் மறுமொழியும் கதையின் எலும்பாகவே ஆகிவிட்ட இடம் இது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தவர் அழகிரிசாமி. கழுகுமலைக்குக் காவடியெடுத்த மக்களின் நடைத்தாளத்தைக் காதில் வைத்திருந்தவரால்தான் இந்த எதிர்க்குரலை இவ்வளவு துல்லியமான இடத்தில் போட முடிந்தது.

ஜாஸைக் கேட்டு எழுதிய இன்னொருவர் தென்னமெரிக்காவின் ஹூலியோ கொர்த்தஸார். கியூபப் புரட்சியின் தோழர். ‘மெடிசி’ விருதுத் தொகையைச் சிலி எதிர்ப்பு இயக்கத்துக்குக் கொடுத்தவர். பொழுதுபோக்காக டிரம்பெட் ஊதியவர். சார்லி பார்க்கரை மனத்தில் வைத்து 1959இல் ஒரு நெடுங்கதை எழுதினார். ஒரு வாக்கியம் சரியாக அமைந்ததா என்பதை அதன் பொருளைக் கொண்டு மட்டுமல்லாமல், அதிலுள்ள ஊசலாட்டத்தைக் கொண்டும் அவர் சோதித்தார். ‘ஸ்விங்’ என்று ஜாஸ் கலைஞர்கள் சொல்வதை அவர் உரைநடைக்குக் கேட்டார். கி.ரா.வின் வாக்கியத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பேச்சு நிற்குமிடத்தில் நிற்கும், இழுக்குமிடத்தில் இழுக்கும். இலக்கண ஆசிரியர் வைக்கச் சொன்ன இடத்தில் கால்புள்ளி விழாது. கதைசொல்லி வெற்றிலையை மடிக்கும் இடத்தில் விழும். அதனால்தான் மௌனமாகப் படிக்கும் நகரத்து வாசகர் திணறுகிற பக்கத்தை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் கிராமத்துப் பாட்டி ரசித்துச் சிரிக்கிறார்.

இங்கே இயக்கத்துக்குள்ளேயே நடந்த ஒரு விவாதத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1950களிலும் 60களிலும், முற்போக்குக் கதை என்றால் இறுதியில் நாயகன் விழிப்புற்று எழ வேண்டும் என்று எதிர்பார்த்த விமர்சகர்கள் உண்டு. ‘கதவு’ கதையில் யாரும் எழவில்லை. கொடி பறக்கவில்லை. ஊர்வலம் வரவில்லை. கழற்றப்பட்ட கதவைப் பிள்ளைகள் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவே. ஆனால் தீர்வை முறையின் கொடுமையை விளக்கி வெளியிடப்பட்ட துண்டறிக்கைகள் பலவும் மறைந்துபோன பின்னும் அந்தக் கதவு நிற்கிறது. துண்டறிக்கை தேவையற்றது என்று இதற்குப் பொருளில்லை; துண்டறிக்கையின் வேலையைக் கதையிடம் கொடுத்தால் இரண்டுமே கெடும். கார்க்கி ஜாஸைக் கேட்டபோது நேர்ந்த பிழையும் இதற்கு உறவே: கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது.

கி.ரா.வின் காதும் எல்லாவற்றையும் கேட்டுவிடவில்லை. ‘கோபல்ல கிராமம்’, அதன் தொடர்ச்சியாக வந்து 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ ஆகிய நாவல்களில் ஊர் என்பது பெரும்பாலும் நிலமுடைய குடியேறிகளின் திண்ணையிலிருந்து தெரியும் ஊர். அந்தக் கரிசலில் களையெடுத்த, செத்த மாட்டைத் தூக்கிய, சேரியில் வாழ்ந்த மக்களின் குரல் ஓரத்தில் ஒலிக்கிறது. தனி ஆலாபனைக்கு அதற்கு முறை வரவில்லை. குழுவில் எல்லோருக்கும் முறை வர வேண்டும் என்பது ஜாஸின் நியாயம். அந்த முறையைப் பின்னால் வந்த தலித் எழுத்தாளர்கள் யாரிடமும் கேட்காமல் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கி.ரா. திறந்துவிட்ட பேச்சுமொழியின் வழி அவர்களுக்கும் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெலுங்கு மண்ணில் வாழும் தோழர்களுக்குப் பர்ரகதை தெரிந்திருக்கும். தம்புராவோடு நடுவில் நிற்கும் கதைசொல்லி, இருபுறமும் இருவர். ஒருவர் நகைச்சுவைக்கு, மற்றவர் நடப்பு அரசியலுக்கு. நடுவிலிருப்பவர் பழங்கதையைச் சொல்லும்போது, பக்கத்திலிருப்பவர் இடைமறித்து அன்றைய பட்டேலைப் பற்றியும் ஜமீன்தாரைப் பற்றியும் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி எழுதி வைத்ததாக இராது. அந்த ஊரில், அந்த இரவில் பிறப்பது. பிரஜா நாட்ய மண்டலியின் ஷேக் நாசர் (1920 – 1997) இந்தக் கலையைக் கட்சியின் குரலாக்கினார். சென்னை மாகாணத்தில் பிரிட்டிஷ் அரசும் ஐதராபாத்தில் நிஜாம் அரசும் பர்ரகதையைத் தடைசெய்தன. அச்சடித்த நூலைத் தடைசெய்தால் பறிமுதல் செய்ய ஏதேனும் இருக்கும். மனோதர்மத்தை எந்தப் போலீஸ்காரர் எந்தப் பையில் போட்டுக்கொண்டு போவார்? கரிசலின் ஆலாபனையும் ஹார்லெமின் ஜாஸும் தெலங்கானாவின் பர்ரகதையும் சந்திக்கும் இடம் இதுவே.

பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா.வை 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கே அவர் செய்தது, மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கிழவர்களையும் கிழவிகளையும் பேசவிட்டு நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்ததுதான். ஒரே கதையைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். எது சரியான பாடம் என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் எங்கே கிளை பிரிகிறார்கள் என்று கேட்டார். அதற்கும் முன்பே, 1982இல், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தனியொருவராக முன்னின்று தொகுத்துக் கொடுத்திருந்தார். சொற்களைத் தந்தவர்கள் சம்சாரிகள், கூலியாட்கள், கைவினைஞர்கள், வீட்டுப் பெண்கள்.

மல்லாபூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். தமிழ் அவர்களுக்குக் காதுமொழி; பலருக்கு எழுத்து தெரியாது. இதைக் கேட்டுக் கவலைப்படுவோர் பலர். இடைசெவலின் அந்தச் சிறுவனுக்கும் தெலுங்கு இப்படித்தான் காதுமொழியாக இருந்தது. அந்தத் தெலுங்கு ஒலியும் சேர்ந்துதான் அவருடைய தமிழுக்கு அந்த நடையைக் கொடுத்தது. நாச்சாரம் பட்டறைகளில் தமிழ்த் தொழிலாளி தெலுங்குச் சொல்லை இழுத்து, இந்தி வினையைச் சேர்த்து, தன் ஊர்ப் பழமொழியில் முடிக்கும் பேச்சு இன்னும் எந்தக் கதையிலும் ஏறவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த முதல் தலைமுறைத் தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. ஒவ்வொரு வீட்டிலும் கைபேசி இருக்கிறது. அதில் ஒலிப்பதிவுப் பொத்தானும் இருக்கிறது.

அடுத்த மாத வாசிப்புக்கு ‘கதவு’ கதையை எடுத்துக்கொள்ளலாம் என்று தோழர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஒருவரே முழுவதையும் வாசிக்க வேண்டாம். குழந்தைகளின் பகுதியைக் குழந்தைகள் வாசிக்கட்டும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை மகளிர் தோழர்கள் இருவர் ஏற்றிருக்கிறார்கள். தலையாரியின் பகுதியை வாசிக்க இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.